வாகரைச் சம்பந்தியாருக்கு, தாங்கள் அனுப்பிய எஞ்சினின் பெயாரிங் பற்றி

தன்னாமுனை,
18.07.2024, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தியார் அழகரத்தினம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் பசி, நித்திரை, கை கால் எல்லாம் ஒழுங்காக இருக்க, ஆண்டவன் வாகரைப் பக்கம் ஒரு கண்ணை வைத்திருப்பானாக. இங்கே நானும், என் கணவர் கனகசூரியமும், மகள் கம்சாயினியும், எங்கள் வீட்டுக்கு மருமகனாக வந்து மூன்று மாதமாகியும் இன்னும் கதிரையின் நுனியிலேயே உட்காருகிற உங்கள் மகன் உதயரூபனும் சுகமாக இருக்கிறோம். இந்த வளவுக்குள் சுகமில்லாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது தோணிக்கென்று தாங்கள் அனுப்பிய எஞ்சின்.

இதைக் கடிதமாக எழுத வேண்டி வந்ததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று தரம் தங்களுக்குப் போன் எடுத்தேன். முதல் தரம் "பெயாரிங்" என்ற சொல்லுக்கு வந்தவுடன் லைன் அறுந்தது. வாகரையில் சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாம் தரம் "பெயா" என்ற இடத்திலேயே அறுந்தது. மூன்றாம் தரம் "சம்பந்தி, நான் இலட்சுமிப்பிள்ளை" என்றவுடன் அறுந்தபோதுதான், அறுந்தது சிக்னல் அல்ல, அறுத்தது சம்பந்தி என்று விளங்கியது. கடிதத்தை அப்படி நடுவில் அறுக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் என்னிடம் பிரதி இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் இந்தப் பகுதியில் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் இரண்டு பிரதியாக எழுதித்தான் பழக்கம்.

சனிக்கிழமை பின்னேரம், வாகரையிலிருந்து சாமான் ஏற்றி வருகிற நௌஷாட்டின் லொறியில் எஞ்சின் வந்து இறங்கியது. சத்தம் கேட்டதும் இவர், என் கணவர், சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இவர் சேட்டுப் போடுவது கல்யாண வீட்டுக்கும் வாக்குப் போடுவதற்கும் மட்டும்தான் என்பதைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். எஞ்சினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, தேங்காய் ஒன்றும் உடைத்து, மாமரத்தோடு பலகை அடித்து அதிலே பூட்டி நிறுத்தினார்கள். உங்கள் மகன் அதை மூன்று தரம் சுற்றி வந்தார். அவரும் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறார். ஆனால் எஞ்சினைக் காணாவிட்டாலும் எடுத்தவரைத் தெரியும் அல்லவா. "அப்பா நாப்பது வருசம் கடலுக்குப் போனவர், மாமி. ஆரோ சொல்லிக் கேட்டு எடுத்ததில்ல இது. மூதூர் வரைக்கும் போய், கையால சுத்திப் பாத்து, காதைக் குடுத்துக் கேட்டு எடுத்தது. அப்பா பாத்து எடுத்தாப் பிழைக்காது" என்றார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். அதற்கு முதல் நீளமானது, "இன்னும் கொஞ்சம் சொதி ஊத்துங்க மாமி" என்பது. ஆகையால் அந்த எஞ்சினில் ஒரு குறை இருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை என்பதைத் தாங்கள் முதலில் நம்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோணியில் பூட்டி வாவியில் ஓட்டிப் பார்த்தார்கள். நான் கரையில் நின்றேன். எஞ்சின் உறுமிக்கொண்டு போனது, கரையோரக் கண்ணா மரங்களிலிருந்த கொக்கு எல்லாம் எழும்பிப் பறந்தது, இவர் தோணியின் முன்னால் நின்று கட்சிக்காரர் மாதிரிக் கை காட்டினார். ஆனால் அந்த உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது, சம்பந்தி. அரிசி களைகிறபோது அரிக்கன் சட்டியில் கல் உரசுகிற மாதிரி. வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூடியது, குறைத்தால் அதுவும் குறைந்தது. தாயின் நெஞ்சு அடிக்கிற சத்தத்துக்கு அடியில் பிள்ளையின் நெஞ்சு அடிக்கிற சத்தத்தைப் பிரித்துக் கேட்டுக் கேட்டுப் பழகின காது இது. ஒன்றுக்குள் ஒன்று ஒளித்துக்கொண்டு என்னை ஏமாற்ற முடியாது.

இவர் கரைக்கு வந்ததும் சொன்னேன். "லெச்சிமி, உனக்குப் புள்ளப்பெத்து தெரியும், நான் ஒத்துக்கொள்றன். எஞ்சினப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். "எஞ்சினப் பத்தி ஒண்டும் தெரியா. சத்தத்தப் பத்தித் தெரியும்" என்றேன். "எல்லா எஞ்சினும் சத்தம் போடத்தான் செய்யும்" என்றார். "எல்லாப் புள்ளையும் அழத்தான் செய்யும். சில புள்ள அழுறது வேற மாதிரி" என்றேன். இவர் தோணியைக் கழுவப் போய்விட்டார். வருகிற வெள்ளிக்கிழமை விடிய மாமனும் மருமகனும் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போவதாக அப்போதே நாள் குறித்தாகிவிட்டது.

இந்த இடத்தில் தங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் இவருடைய பழைய எஞ்சின் முகத்துவாரத்துக்கு வெளியே இறுகி நின்றுபோனது. கச்சான் காற்றுக் காலம். அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று என்பதை நான் தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒன்றரை நாள் தோணி போன போக்கில் கிடந்து, பெரிய போட்காரர் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய் வந்து இறங்கியவரிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் சுணங்கிற்று" என்றார். இன்றுவரை அதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. அதற்குப் பிறகு இவர் கடலுக்கே போகவில்லை. வாவியில் வலை போட்டுக்கொண்டு, கடல் அலுத்துப்போயிற்று என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு இருந்தார். தாங்கள் எஞ்சின் அனுப்புகிறீர்கள் என்றதும்தான் முகத்துக்கு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அணைக்கிறவளாக நான் இருக்கக்கூடாது என்றும் நினைத்தேன். ஆனால் இந்த முறை தோணியில் இவர் மட்டும் இல்லை. கல்யாணமாகி மூன்று மாதமான உங்கள் பிள்ளையும் இருக்கிறார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே எண்ணெய்த் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்தேன். இதில் நான் செய்த பிழையை ஒளிக்க விரும்பவில்லை. குழாய்க்குள் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தது. ஒரு நாள் முழுக்க இந்த வீட்டில் எந்தச் சோற்றைத் தின்றாலும் அடுப்பு மூட்டுகிற மணம் வந்தது. கம்சாயினி வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள். உங்கள் மகன் மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "நல்லாரிக்கு மாமி" என்றார். நல்ல வளர்ப்பு. இவர் வீடு முழுக்கத் தேடி, திங்கட்கிழமைதான் மூக்கை வைத்தே குழாயைக் கண்டுபிடித்தார். அரிசி வாளிக்குப் பக்கத்தில் நின்றபடியே எங்களுக்குள் ஒப்பந்தம் நடந்தது. எஞ்சினை வளவுக்குள் பீப்பாய் அளவான தண்ணீர்ப் பரலில் வைத்து ஒரே ஒரு தரம் ஓட்டுவது, நான் குழல் வைத்துக் கேட்பது, ஒன்றும் இல்லாவிட்டால் சாகும்வரை நான் எஞ்சின் என்ற சொல்லை எடுப்பதில்லை. குழல் என்று நான் சொல்வது கர்ப்பிணியின் வயிற்றில் ஒரு முனையும் எங்கள் காதில் மறு முனையுமாக வைத்துக் கேட்கிற அலுமினியக் கூம்பு. வேலையை விட்டு வரும்போது பூமாலை போட்டார்கள், சால்வை போர்த்தார்கள். எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டேன். குழலைக் கொடுக்கவில்லை.

பரலில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதற்குள் இறக்கி, கயிற்றை இழுத்தார்கள். அது உறுமத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்கள். நான் தலைமயிரை இறுக்கி முடிந்துகொண்டு கிட்டப் போனேன். சும்மா ஓடுகிறபோது மட்டும் கேட்டால் போதாது, பாரம் இழுக்கிறபோதும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "தம்பி, கியரப் போடுங்க" என்றேன். உங்கள் மகன் மாமி சொல்லைத் தட்டாதவர். போட்டார். பரலுக்குள் தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடி இருக்கிறது என்பதை நாங்கள் மூவருமே மறந்துபோயிருந்தோம். ஒரு பரல் தண்ணீரும் ஒரே எழும்பலாக எழும்பி, கோயிலுக்குப் போகவென்று வெள்ளை வேட்டியோடு நின்ற இவர் மேலே பாதியும், வேலிக்கு மேலால் பார்த்தவர்கள் மேலே பாதியுமாகக் கொட்டியது. பக்கத்து வீட்டு வெள்ளைக் கோழி ஒன்று கிணற்றுக் கட்டில் ஏறி நின்றது. சாப்பாடு காட்டியும் பின்னேரம் வரை இறங்கவில்லை. மறுபடி தண்ணீர் நிரப்பினோம். இந்த முறை கியர் இல்லை.

எஞ்சினின் தலைப்பக்கம் வைத்துக் கேட்டேன், சுத்தம். நடுவில் வைத்தேன், சுத்தம். பிளைவீல் என்கிற பெரிய சக்கரம் இருக்கிறதே, அதற்கு நேரே கீழே வைத்தேன். அங்கே இருந்தது கல். கரகரவென்று, இடையிடையே ஒரு தட்டல். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டேன். பிறகு குழலை உங்கள் மகனிடம் கொடுத்தேன். அவர் குனிந்து காதை வைத்தார். சம்பந்தி, அந்த நேரம் அவருடைய முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். கேட்டுவிட்டது. அது முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் நிமிர்ந்து, என்னைப் பாராமல் பரலைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்டும் கேக்கல்ல மாமி" என்றார். தகப்பனை விட்டுக்கொடுக்காத பிள்ளை. எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் பிட்டும் மீன்குழம்பும் மண்ணெண்ணெய் மணம் இல்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்தேன்.

இவர் குழலை வாங்கவே மாட்டேன் என்றார். "நான் ஆம்பிள. அத வெச்சுக் கேட்டா ஊர் சிரிக்கும்" என்றார். ஊர் ஏற்கெனவே நனைந்துபோய் வேலிக்கு மேலே சிரித்துக்கொண்டுதான் நின்றது.

செவ்வாய்க்கிழமை சந்தியில் கராஜ் வைத்திருக்கிற சுதாகரனைக் கூப்பிட்டேன். அவன் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இது காபரேட்டர், மிஸ்" என்றான். காபரேட்டரைக் கழுவிப் பூட்டினான். கல் அப்படியே உரசியது. "அப்ப பிளக்" என்றான். பிளக்கை மாற்றினான். கல் அப்படியே உரசியது. "கொஞ்ச நாள் ஓடினாச் செரி வரும் மிஸ். நீங்க பயப்படாதீங்க" என்று சாமானைப் பொறுக்கத் தொடங்கினான். அவனோடு வந்த கராஜ்காரர் நான்கு பேரும், வேலி நிறைய ஆட்களும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அவனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "இஞ்ச வா மனே. நீ உன்ட அம்மாட வயித்துல கிடக்கக்குள்ள, தலை கீழதான் இரிக்கி, பயப்படாதீங்க எண்டு டொக்டர் சொல்லிப்போட்டுப் போனார். நான் இந்தக் குழல வெச்சுப் பாத்தன். உன்ட நெஞ்சுச் சத்தம் தொப்புளுக்கு மேல கேட்டுது. கால் கீழ, தலை மேல எண்டு நான் ஒராள்தான் சொன்ன நான். அண்டைக்கு நான் பயப்படாம இருந்திருந்தா, இண்டைக்கு நீ எனக்குக் காபரேட்டர் எண்டு சொல்ல ஏலாது" என்றேன். சுதாகரன் முப்பது வயது தாண்டியவன், மீசை வைத்தவன். அந்த மீசை வரைக்கும் சிவந்துபோனான். சாமானைத் திரும்பக் கீழே வைத்தான். "செரி மிஸ். முறையாப் பாப்பம்" என்றான்.

முறையாகப் பார்ப்பது எப்படி என்று தாங்களும் அறிந்துகொள்வது நல்லது. முதலில் அடியில் இருக்கிற கியர் ஒயிலை வடித்தான். நான் என் பழைய வெள்ளை எனாமல் தட்டைக் கொடுத்தேன். ஒயில் தேன் மாதிரித் தெளிவாக இறங்கியது. இரும்புத் தூள் மினுங்கவில்லை, தண்ணீர் கலந்து பால் நிறமாகவும் இல்லை. இவர் தட்டை வாங்கி வெயிலில் சரித்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, தேன்" என்று வேலிப் பக்கம் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தார். "அது கால். நோவு நெஞ்சுல" என்றேன். அடுத்து சுதாகரன் மேல்மூடியை எடுத்து, பிளக் இரண்டையும் கழற்றி, பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினான். பிளக் இல்லாதபோது அது வெண்ணெய் மாதிரிச் சுற்ற வேண்டுமாம். சுற்றியது. ஓரிடத்துக்கு வந்ததும் கரகரத்தது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மறுபடி சுற்றினான், அதே இடம், அதே கரகரப்பு. பிறகு சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிக் கீழே அமுக்கினான், பக்கவாட்டில் ஆட்டினான். விழப்போகிற பல் மாதிரி அது ஆடியது. "ஆடக்கூடாதா?" என்று உங்கள் மகன் கேட்டார். "மயிரளவு ஆடலாம். இது கதவு மாதிரி ஆடுது" என்றான் சுதாகரன். பிறகு பிளக் ஓட்டைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, பிஸ்டன் தலையில் முட்டவைத்துப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை ஒரு விரல் அளவுக்கு அங்குமிங்கும் அசைத்தான். கம்பி சக்கரத்தோடு கூடவே அசைந்தது. "பிஸ்டன் தண்டுப் பெயாரிங் நல்லம். போனது சக்கரத்தத் தாங்குற மேல் பெயாரிங். மிஸ் குழல் வெச்ச அதே இடம்" என்றான். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சேவைக் காலத்தில் பழகிய அடக்கம்.

இவர் மட்டும் விடவில்லை. "கழட்டிப் பாக்காம நான் ஒத்துக்கொள்ள மாட்டன்" என்றார். புதன்கிழமை கழற்றினோம். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒவ்வொரு துண்டாக நான் வெள்ளைச் சீலை விரித்து வரிசையாக வைத்தேன். கடைசியில் சுதாகரன் பெயாரிங்கை வெளியே எடுத்து என் எனாமல் தட்டில் வைத்தான். உள்ளே இருக்கிற குண்டுகள் அம்மை வந்து மாறிய முகம் மாதிரிக் குழி குழியாக இருந்தன. குண்டுகளைப் பிடித்திருக்கிற வளையம் ஓரிடத்தில் வெடித்திருந்தது. "இன்னும் ரெண்டு மணித்தியாலம் முழு வேகத்துல ஓடியிருந்தா இறுகியிரிக்கும்" என்றான். நான் அதை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, வெள்ளைத் துணியில் வைத்து, எத்தனையோ தகப்பன்மாருக்கு முன்னால் எப்படி நீட்டினேனோ அப்படியே இவருக்கு முன்னால் நீட்டினேன். சொல்லவேண்டிய வசனத்தை விடியற்காலையிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

இவர் அதை எடுத்து ஒரு விரலில் மாட்டிச் சுற்றினார். காதுக்குக் கிட்டக் கொண்டுபோனார். திரும்பவும் சுற்றினார். பிறகு பரலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பழைய எஞ்சினும் இப்பிடித்தான் சத்தம் போட்டது, லெச்சிமி. போறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி எனக்குக் கேட்டது. கேட்டும் கேக்காத மாதிரி போன நான்" என்றார். இரண்டு வருடமாக நான் கேட்டுக் கிடைக்காத பேச்சு அது. யோசித்து வைத்திருந்த வசனம் எனக்கு மறந்துபோயிற்று. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். என் வெற்றியைக் கொண்டாடுவதை அரை மணித்தியாலம் ஒத்திவைத்தேன்.

அரை மணித்தியாலம் முடிந்ததும் கொண்டாடினேன், சம்பந்தி. இப்போது இந்த ஊரில் என் நிலைமையைத் தாங்கள் வந்து பார்க்க வேண்டும். நேற்றுப் பின்னேரத்துக்குள் இரண்டு தண்ணீர் மோட்டர், ஒரு மிளகாய் அரைக்கிற மில், ஒரு மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் குழல் வைத்துப் பார்த்துவிட்டேன். நாவற்குடாவிலிருந்து ஒருவர் ஓட்டோவில் வந்து, பின்பக்கம் ஏதோ உருளுகிறது, மூன்று கராஜில் காட்டியும் தெரியவில்லை என்றார். குழல் வைக்காமலே பின்சீற்றைத் தூக்கி, அடியில் கிடந்த இனிப்பு டின்னை எடுத்துக் கையில் கொடுத்தேன். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். சுதாகரன் குழலை ஒரு கிழமைக்குத் தரச்சொல்லிக் கேட்கிறான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இவர் இன்று காலையில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, குழலை எடுத்து மாமரத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

புதுப் பெயாரிங்கைச் சுதாகரன் வாங்கிவந்து இன்று காலையிலேயே பூட்டிவிட்டான். பழையது இந்தக் கடிதத்தோடு பஞ்சுக்குள் சுற்றி பார்சலாக வருகிறது. தயவுசெய்து ஒரு விரலில் மாட்டிச் சுற்றிப் பார்க்கவும். நாற்பது வருடம் கடலுக்குப் போன காது அதைக் கேளாமல் விட்டது எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. வயது எல்லோருக்கும் வருகிறது. ஆனால் ஒன்று, எங்கள் உதயரூபனை ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. அவர் கடைசிவரை தங்கள் பக்கம்தான் நின்றார். இனிமேல் எஞ்சின் எடுக்கப் போகும்போது பெண் பார்க்கப் போகிற மாதிரி என்னையும் கூட்டிக்கொண்டு போகவும். நான் குழலோடு வருவேன்.

வேறு விசேடம் இல்லை. சம்பந்தி அம்மாவின் முழங்கால் நோவு தீர்ந்து, தங்கள் வலையில் பாரை நிறைந்து, காற்றும் கடலும் தங்கள் சொல்லைக் கேட்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
கனகசூரியம் இலட்சுமிப்பிள்ளை,
ஓய்வுபெற்ற மருத்துவமாது.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி, தபால் கந்தோருக்குப் போகக் குடையை எடுக்கிற நேரம் நௌஷாட்டின் லொறி வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் உள்ளே வராமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அம்மா, ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு" என்றார். சனிக்கிழமை அவர் ஏற்றி வந்தது ஒரு எஞ்சின் அல்ல, இரண்டு எஞ்சினாம். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்று தாங்கள் அனுப்பியது. மற்றது கதிரவெளிக்காரர் ஒருவர் ஏறாவூரில் மின்ஹாஜின் கராஜுக்குத் திருத்த அனுப்பியது. அதை எங்கள் வீட்டிலும், தங்களுடையதைக் கராஜிலும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். கதிரவெளிக்காரர் மின்ஹாஜிடம் முதலிலேயே தெளிவாகச் சொல்லித்தான் இருக்கிறார், மேல் பெயாரிங் போய்விட்டது, மாற்று என்று. மின்ஹாஜ் தங்கள் எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பெயாரிங் புதுசு மாதிரி இருக்கிறதே என்று போனில் சொல்ல, கதிரவெளிக்காரர், இல்லை, போய்விட்டது என்று சத்தம் போட, மின்ஹாஜ் திரும்பவும் கழற்ற, நான்கு நாளாக இரண்டு பேரும் மாறி மாறிப் போனை அறுத்திருக்கிறார்கள். இன்று காலையில்தான் எஞ்சின் நம்பரைக் கேட்டு வாசித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகையால், மேலே "தாங்கள் அனுப்பிய எஞ்சின்" என்று வருகிற இடத்திலெல்லாம் "கதிரவெளிக்காரர் எஞ்சின்" என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். தங்கள் காதைப் பற்றியும் வயதைப் பற்றியும் எழுதியதை வாசிக்கவே வேண்டாம். புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், பிரதியும் சேர்த்துப் பதினாறு பக்கம், கை உளைகிறது. பெயாரிங் அவருடைய பொருள் என்பதால் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக அதே பஞ்சுக்குள் சம்பந்தி அம்மாவின் முழங்காலுக்கு ஒரு போத்தல் எண்ணெய் வைத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தாய் மாற்றிக் கொடுத்தவள் இல்லை நான். நௌஷாட் இதைச் சொன்னதும் உங்கள் மகன் லொறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல், சத்தமாக. அவருடைய பல்வரிசையை இந்த வீட்டில் நாங்கள் கண்டது இன்றைக்குத்தான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் கொஞ்ச நேரம் பொறுத்துச் சிரித்தேன்.

கதிரவெளிக்காரர் எஞ்சினை இப்போது லொறியில் ஏற்றுகிறார்கள். நானும் முன்சீற்றில் ஏறப்போகிறேன். மின்ஹாஜ் தங்கள் எஞ்சினைப் பூட்டி முடித்துவிட்டாராம். அதில் ஒரு குறையும் இல்லை என்று தாங்களும் சொல்வீர்கள், அவரும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் நான்கு நாள் அன்னியர் கையில் கழன்று கிடந்தது. குழல் வைத்து ஒரு தரம் கேட்காமல் அதை நான் வீட்டுக்குள் எடுக்க மாட்டேன்.